புதுச்சேரி – கடலூர் பக்கம் வண்டித் தொல்லை இல்லாமல் காட்டுவழியில் சைக்கிள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் சைக்கிள் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) ஓட்டிவிட்டு, "பஸ்காரன் உரசிக்கொண்டு போகிறான், இனி வேண்டாம்" என்று சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே போட்டுவிடுகிறார்கள். ஈ.சி.ஆர் தவிர வேறு வழியே இல்லை என்று நினைப்பதால் வரும் வினை இது. வழி இருக்கிறது. ஆனால் யாரும் பலகை நட்டுக் காட்டுவதில்லை. பழகுகிறவர்கள் கேட்கும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தக் கடற்கரைச் சமவெளியில் காடு எங்கே இருக்கிறது?

முதுமலை மாதிரி, சத்தியமங்கலம் மாதிரி எதிர்பார்க்காதீர்கள். இங்கே காடு துண்டு துண்டாக இருக்கிறது, ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு சாதி. ஆரோவில் மேட்டில் மனிதர்கள் நட்டு வளர்த்த காடு. கீழ்ப்புத்துப்பட்டில் அய்யனார் காவல் காக்கும் கோயில் காடு. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கடலோரச் சவுக்குத் தோப்புகள். கடலூருக்கு மேற்கே செம்மண் மேட்டில் பண்ருட்டி, வடலூர் வரைக்கும் முந்திரிக்காடு. தெற்கே பிச்சாவரத்தில் தண்ணீருக்குள் நிற்கும் சுரபுன்னைக் காடு. இவற்றை ஏரிக்கரை, வாய்க்கால் கரை, மாட்டுவண்டிப் பாதை, ஊர்ச்சாலை என்று ஒட்டுப்போட்டால் ஒன்றிரண்டு நாள் பயணத்துக்குத் தாராளமாக வரும்.

மோட்டார் வண்டியே வராத பாதை உண்மையில் இருக்கிறதா, இல்லை சும்மா சொல்கிறீர்களா?

முழுக்க முழுக்க சைக்கிளுக்கென்றே விட்ட பாதைகள் ஆரோவில்லுக்குள் இருக்கின்றன. மற்ற இடங்களில் சட்டப்படி எந்த வண்டியும் வரலாம். ஏரிக்கரையில் பைக் வரும், முந்திரிக்காட்டில் டிராக்டர் வரும். ஆனால் காலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரைக்கும் இந்தப் பாதைகளில் உங்களைக் கடந்து போகிற வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதே பாதை சாயங்காலம் ஐந்து மணிக்கு வேறு ஆளாக இருக்கும். பள்ளி பஸ், கரும்பு டிராக்டர், வேலை முடிந்து திரும்புகிற கம்பெனி வேன் எல்லாம் அப்போதுதான் வரும். அதனால் வண்டியில்லாத பாதை எது என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, எத்தனை மணிக்குக் கிளம்பப் போகிறீர்கள் என்றுதான். இந்தப் பக்கத்தில் நேரம்தான் பாதி வழி.

புதிதாகத் தொடங்குகிறேன். முதலில் எங்கே போகலாம்?

ஆரோவில். யோசிக்கவே வேண்டாம்.

புதுச்சேரியிலிருந்து பெரும்பாலானோர் ஈ.சி.ஆரில் போய்ப் பெரியமுதலியார்சாவடியில் திரும்பி, குயிலாப்பாளையம் வழியாக ஏறுவார்கள். அந்தச் சாலை ஞாயிற்றுக்கிழமை சுற்றுலா வண்டிகளால் நிரம்பி வழியும். லாஸ்பேட்டை விமான நிலையத்தை ஒட்டிப் போகும் இடையஞ்சாவடிச் சாலை எவ்வளவோ மேல். ஏற்றமும் மெதுவாகத்தான் வரும்.

அங்கே போனதும் பார்க்க வேண்டியது மண். 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டபோது இந்த மேடு கிட்டத்தட்ட மொட்டை. மழை பெய்தால் செம்மண் கரைந்து ஓடைகளில் இறங்கிக் கடலைச் சிவப்பாக்கிவிடும் என்று குயிலாப்பாளையத்துப் பெரியவர்கள் இப்போதும் சொல்வார்கள். முதலில் வந்தவர்கள் செய்தது மண்கரை போட்டது. ஓடுகிற தண்ணீரை நிறுத்தி நிலத்துக்குள் இறங்கச் செய்தார்கள். அப்புறம் ஆஸ்திரேலிய அகேசியா மாதிரி வேகமாக வளர்கிற மரங்களை நட்டு, அந்த நிழலில் நம் மண்ணின் மரங்களைக் கொண்டுவந்தார்கள். வீரை, உலக்கைப் பாலை, கருங்காலி, நாவல், காட்டு எலுமிச்சை. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று புத்தகத்தில் போட்டிருக்குமே, சோழமண்டலக் கரைக்கே உரிய அந்தக் காடுதான் இது. இலை சிறியது, தடித்தது, கோடையிலும் மொத்தமாக உதிராது. அதனால் மார்ச் மாதம் மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்கும்போதும் இங்கே பாதை நிழலாக இருக்கும்.

சில இடங்களில் பாதை அந்தப் பழைய மண்கரைகளின் மேலேயே போகிறது. சைக்கிளை நிறுத்தி இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் மழைநீர் நின்ற பள்ளம், அடியில் வெடித்த களிமண், அதில் கீரி ஓடிய தடம். மறுபக்கம் இரண்டடி தாழ்வாகக் காய்ந்த சருகுத் தரை. கரையின் ஓரத்தில் செம்மண்ணைப் பிடித்துக்கொண்டு வேர்கள் வெளியே தெரியும். எத்தனையோ பேர் மண்வெட்டியோடு நின்று போட்ட கரை அது. அதன் மேல் டயர் உருளும்போது வேகமாகப் போகவே மனம் வராது.

ஆரோவில்லுக்குள் எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாமா?

முடியாது. சைக்கிள் பாதை என்று போட்டிருக்கும் இடத்தில் ஓட்டுங்கள். சில காட்டுத் துண்டுகளில் குடியிருப்புகள் உண்டு, சில இடங்கள் பறவைக்கும் விலங்குக்கும் என்று விட்டவை. வேலிக்கதவு மூடியிருந்தால் அது மூடியதுதான், தள்ளிப் பார்க்காதீர்கள். 2021 டிசம்பரில் உள்வட்டச் சாலைக்காக மரங்களை வெட்டி, அது பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வேலையால் பழைய பாதைகள் சில மாறியிருக்கின்றன, பழைய வரைபடத்தை அப்படியே நம்ப வேண்டாம். அந்த மரங்கள் விழுந்த இடங்களைக் கடக்கும்போது எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. வளர்ச்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அரை நூற்றாண்டு உழைத்து வளர்த்த நிழலை ஒரு நாள் காலையில் பொக்லைன் வைத்துத் தள்ளியதைத்தான் ஏற்க முடியவில்லை.

கோயில் காட்டைப் பார்க்க வேண்டும். சைக்கிளில் முடியுமா?

கீழ்ப்புத்துப்பட்டு, மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில். புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டர். ஈ.சி.ஆரை ஒட்டியே இருப்பதால் எல்லோரும் அதிலேயே போகிறார்கள். நீங்கள் ஆரோவில் மேட்டுக்கு ஏறி, அங்கிருந்து வடக்கே ஊர்ச்சாலைகளில் "புத்துப்பட்டு எப்படிங்க போறது" என்று கேட்டுக்கொண்டே போங்கள். கூடுதலாகச் சில கிலோமீட்டர் ஆகும், நெஞ்சு படபடக்காது.

ஆரோவில்காரர்கள் வளர்க்கப் பார்க்கிற காட்டின் பழைய அசல் இப்படித்தான் இருந்திருக்கும் என்று காட்டுகிற இடம் இது. வெட்டினால் அய்யனார் கோபித்துக்கொள்வார் என்ற பயம்தான் இதைக் காப்பாற்றியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தாவரவியலாளர்கள் இந்தப் பகுதியின் தாவரங்களை ஆராய வந்த இடங்களில் இதுவும் ஒன்று. சைக்கிளைக் கோயில் வாசலில் நிறுத்திவிட்டுச் செருப்பைக் கழற்றி உள்ளே போங்கள். காட்டுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகவே கூடாது, அது சாமி இடம். ஆடி மாதத்திலும் வேண்டுதல் நாட்களிலும் கூட்டம் அதிகம், அப்போது அந்தப் பக்கம் வண்டி நிற்கக்கூட இடம் இருக்காது.

இன்னும் வடக்கே போனால் கழுவேலி ஏரி. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். மழைக்குப் பிந்திய மாதங்களில் கரையோரம் நின்று பார்த்தாலே போதும்.

திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குப் போவது எப்படி இருக்கும்?

போக வேண்டிய இடம். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. நாம் ஓட்டிக்கொண்டு வந்த செம்மண் மேட்டுக்கும் இதற்கும் உறவு உண்டு, கடலூர் மணற்பாறை என்று புவியியலாளர்கள் பெயர் வைத்திருக்கிற பாறைத்தொகுதியில்தான் இந்த மரங்கள் புதைந்திருந்தன. பக்கத்திலேயே வக்கிரகாளியம்மன் கோயில், சங்கராபரணி ஆறு.

ஆனால் அந்தச் சுற்றுவட்டாரம் கல்குவாரிகளும் கிரஷர்களும் நிறைந்தது. வாரநாட்களில் டிப்பர் லாரி வரிசை கட்டி வரும், புழுதி கண்ணை மறைக்கும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மட்டும் போங்கள். பௌர்ணமி அன்று போகாதீர்கள், கோயில் கூட்டம் அள்ளும்.

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் பெரிய ரோடு இல்லாமல் போக முடியுமா?

கிட்டத்தட்ட முடியும். இரண்டு வழி உண்டு.

கடலோர வழி: அரியாங்குப்பம் தாண்டியதும் கிழக்கே இறங்கிப் பூரணாங்குப்பம், நல்லவாடு, நரம்பை, மணப்பட்டு என்று மீனவ ஊர்களையும் சவுக்குத் தோப்புகளையும் கோத்துக்கொண்டு போவது. தோப்புக்குள் பாதை மணல். மேலே சவுக்கு ஊசி மெத்தை மாதிரி கிடந்தால் டயர் ஓடும், ஊசி இல்லாத இடத்தில் சக்கரம் புதையும், இறங்கித் தள்ள வேண்டியதுதான். காற்று அடிக்கும்போது தோப்பு முழுக்க ஒரே 'ஊ' என்று சத்தம், கடலா மரமா என்று தெரியாது. ஒன்று நினைவில் வையுங்கள்: சவுக்கு சில ஆண்டுகளில் வெட்டிவிடுகிற பயிர். போன வருடம் நிழலாக இருந்த இடம் இந்த வருடம் வெறும் மேடாக இருக்கலாம், குறுக்கே புது வேலி வந்திருக்கலாம். தோப்பு யாருடையதோ அவரிடமோ காவல்காரரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனால் யாரும் தடுப்பதில்லை.

வயல் வழி: வில்லியனூர்ப் பக்கமிருந்து தெற்கே ஊர்ச்சாலைகளில் பாகூர் வரை. எனக்குப் பிடித்தது இதுதான். ஊசுட்டேரிக்கு அடுத்தபடியாகப் புதுச்சேரிப் பகுதியின் பெரிய ஏரி பாகூர் ஏரி. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் இதற்குத் தண்ணீர் கொண்டுவருகிறது. ஏரிக்கரையிலும் வாய்க்கால் கரையிலும் பனைமரங்களுக்கு நடுவே ஓட்டலாம். காடு என்று சொல்ல முடியாது, ஆனால் நிழலும் பறவையும் உண்டு. பல்லவர் காலத்திலேயே கல்லூரிக்கு ஊர்களைத் தானம் கொடுத்த செப்பேடு கிடைத்த ஊர் பாகூர். மூலநாதர் கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.

எந்த வழியில் வந்தாலும் தென்பெண்ணை குறுக்கே நிற்கும். பெரிய ரோட்டுப் பெண்ணையாற்றுப் பாலத்தில்தான் நான் கடக்கச் சொல்வேன். கோடையில் ஆறு வறண்டு கிடக்கிறது என்று மணலில் இறங்கி இழுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மணல் அள்ளிய குழிகள் எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது, வேண்டாம். பாலத்தில் ஒரு நிமிடம்தான், பின்விளக்கைப் போட்டுக்கொண்டு ஓரமாகப் போய்விடுங்கள்.

முந்திரிக்காடு என்கிறீர்களே, அதில் என்ன இருக்கிறது?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரைத் தாண்டிக் கேப்பர் மலை ஏறினால் தொடங்கிவிடும். மலை என்று பெயர்தான், செம்மண் மேடு. வெள்ளக்கரை, ராமாபுரம் பக்கம் வாழைத்தோட்டங்கள், அப்புறம் முந்திரி. அங்கிருந்து குறிஞ்சிப்பாடி, வடலூர் வரைக்கும், வடக்கே திரும்பினால் காடாம்புலியூர், பண்ருட்டி வரைக்கும், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே வண்டிப்பாதைகள் பின்னிக் கிடக்கின்றன.

முந்திரி உயரமாக வளராது, கிளை தரையைத் தொடுகிற மாதிரி படரும். அதனால் பாதையில் குனிந்து போக வேண்டிய இடங்கள் வரும். கீழே உதிர்ந்த இலை தோல் மாதிரி மொறமொறப்பாக இருக்கும், சக்கரம் ஏறும்போது வருகிற சத்தத்தில் பத்தடி தள்ளி மேய்கிற மயில் ஓடும். மாசி, பங்குனியில் பூ, அப்புறம் பழம். சிவப்பும் மஞ்சளுமாகத் தொங்குகிற பழத்தின் புளித்த வாசனை காலை வெயில் ஏற ஏறக் கூடும். பழம் தின்னக் கொடுத்தால் தின்னுங்கள், சட்டையில் சாறு பட்டால் கறை போகாது. பச்சைக் கொட்டையை மட்டும் தொடாதீர்கள், தோட்டில் இருக்கிற எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். கொட்டை உதிர்கிற காலத்தில் தோப்புக்குள் காவல் இருக்கும். அந்த நேரம் தோப்புக்குள்ளே புகாமல் பொதுப்பாதையிலேயே போவது மரியாதை, ஒரு குடும்பத்தின் வருட வருமானம் அங்கே தரையில் கிடக்கிறது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தது இந்தப் பகுதியில்தான். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. முப்பது நாற்பது வருட மரங்கள் ஒரே காலையில் போயின. இன்றைக்கு நீங்கள் பார்க்கிற தோப்புகளில் பாதி, அதற்குப் பிறகு கடன் வாங்கி மறுபடி நட்டவை. ஓட்டிக்கொண்டு போகும்போது மரங்கள் எல்லாம் ஒரே வயதாகத் தெரிகிற தோப்பு வந்தால் விஷயம் இதுதான்.

நெய்வேலி வரை நீட்டுகிறீர்கள் என்றால், நகரியத்துக்குள் அகலமான மரநிழல் சாலைகள், ஓட்டச் சுகமாக இருக்கும். ஆனால் நகரியத்துக்கு வெளியே சுரங்கப் பக்கம் லாரிகள். நகரிய நுழைவாயிலான ஆர்ச் கேட்டுக்கு வெளியே போகாமல், வட்டங்கள் என்று சொல்கிற குடியிருப்புப் பகுதிகளுக்குள்ளேயே சுற்றிவிட்டு வாருங்கள்.

பிச்சாவரத்துக்குள் சைக்கிள் ஓட்டலாமா?

ஓட்ட முடியாது, அது வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உப்பங்கழியில் நிற்கிற காடு. படகில்தான் போக வேண்டும். சுமார் 1,100 ஹெக்டேர், 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் போகிற சுமார் 15 கிலோமீட்டர் சைக்கிளுக்கு நல்ல தூரம். வயல்கள் மெல்ல உப்பளமாகவும் கழியாகவும் மாறுவதைச் சைக்கிள் வேகத்தில்தான் உணர முடியும். காலையில் முதல் படகுக்குப் போய்ச் சேருங்கள், வெயிலும் குறைவு, சத்தமும் குறைவு. 2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரிய அழிவிலிருந்து தப்பியதை அங்கே படகு தள்ளுகிறவர்களிடம் கேளுங்கள், நேரில் பார்த்தவர்கள் சொல்வார்கள்.

காப்புக்காட்டுக்குள் சைக்கிள்தானே, யார் கேட்பார்கள்?

வனத்துறை கேட்கும், கேட்கவும் வேண்டும். தமிழ்நாட்டில் 1882-ஆம் ஆண்டு வனச்சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது, காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். மோட்டார் இல்லை என்பது காரணமாகாது. சரணாலயங்களுக்கும் இதே கதை. செஞ்சிப் பக்கம் பாக்கமலைக் காடுகள் ஆசை காட்டும், வெளியே ஊர்ச்சாலையிலிருந்து பார்த்துவிட்டு வாருங்கள், உள்ளே போக வேண்டுமென்றால் வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இங்கே நமக்கு இருக்கிற பாதைகளில் பாதி, யாரோ பெரிய மனதோடு "போகட்டும்" என்று விட்டவை. தோப்புக்காரர், கோயில்காரர், ஏரிக்கரையில் மாடு மேய்க்கிறவர். பத்துப் பேர் கும்பலாகப் பாட்டைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் பாட்டிலை எறிந்துவிட்டுப் போனால் அடுத்த வாரம் அங்கே முள்வேலி வந்துவிடும்.

எந்த மாதம் நல்லது?

தை, மாசி, பங்குனி முதல் பாதி. அதாவது பொங்கலிலிருந்து மார்ச் கடைசி வரை. ஏரியில் தண்ணீர் இருக்கும், பாதை காய்ந்திருக்கும், பறவை இருக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. செம்மண் நனைந்தால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரம் சுழலாது. வாய்க்கால் கரைகள் உடைந்திருக்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, தென்பெண்ணை ஊருக்குள் வந்தது. மழை முடிந்து இரண்டு வாரம் பொறுத்துக் கரைப்பாதைகளுக்குப் போங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் எட்டு மணிக்குள் வீடு திரும்புகிறவர்கள் மட்டும் ஓட்டலாம்.

காற்றையும் கணக்கில் வையுங்கள். முற்பகல் கழிந்ததும் கடல்காற்று கிழக்கிலிருந்து உள்ளே அடிக்கத் தொடங்கும். காலையில் மேற்கே வடலூர்ப் பக்கம் போய்விட்டு நடுப்பகலில் கடலூருக்குத் திரும்பினால் வெயிலும் எதிர்காற்றும் சேர்ந்து ஆளை உருக்கிவிடும். ஒன்று பத்து மணிக்குள் திரும்புங்கள், இல்லையென்றால் வடலூரிலேயே தங்கிவிடுங்கள்.

விலை உயர்ந்த சைக்கிள் வேண்டுமா? பள்ளியில் கொடுத்த சைக்கிள் போதாதா?

போதும். பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு கொடுக்கிற சைக்கிளில் ஆரோவில் சுற்றும், பாகூர் ஏரிக்கரையும் தாராளமாக ஓட்டலாம். பிரேக் ஷூ தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், செயினுக்கு எண்ணெய் விடுங்கள், சீட்டை உயர்த்துங்கள். இங்கே பலர் சீட்டை மிகவும் தாழ்வாக வைத்து முட்டி வலியை வாங்கிக்கொள்கிறார்கள். மிதி கீழே இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நீண்டிருக்க வேண்டும்.

இரண்டு நாள் பயணம், மணல், முந்திரிக்காடு என்றால் கியர் இருப்பது நல்லது. அதைவிட முக்கியம் டயர் அகலம், 38 முதல் 45 மில்லிமீட்டர் இருந்தால் எல்லாப் பாதைக்கும் சரி. ரேஸ் சைக்கிளின் மெல்லிய டயர் சவுக்குத்தோப்பு மணலில் ஒரு அடி நகராது. மணல் வந்தால் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள், தார்ரோடு ஏறியதும் மறுபடி அடியுங்கள். பின்னால் உறுதியான கேரியர் போட்டுச் சுமையை அதில் கட்டுங்கள், முதுகுப்பை வேர்வையில் முதுகை வேகவைத்துவிடும்.

பஞ்சர் ஆனால்?

ஆகும். சீமைக்கருவேல முள் ஏரிக்கரைகளின் எமன், நெருஞ்சி முள் வயல் ஓரங்களின் எமன். முள் குத்தியது தெரிந்ததும் பிடுங்கிவிடாதீர்கள், சில நேரம் முள்ளே அடைப்பாக நின்று ஊர் வரை கொண்டுவந்து சேர்க்கும். இரண்டு டியூப், ஒட்டு, டயர் நெம்புகோல், கைப்பம்பு கட்டாயம். டயரை மாட்டுமுன் உள்பக்கம் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், முறிந்த முள்நுனி உள்ளேயே இருந்தால் புது டியூபும் பத்து நிமிடத்தில் போகும்.

ஊர்களில் சைக்கிள் கடைகள் குறைந்துவிட்டன, பைக் பஞ்சர்க் கடை எல்லா கூட்ரோட்டிலும் உண்டு. அவரிடம் இருக்கிற காற்று மெஷின் கார் வால்வுக்குப் பொருந்தும். உங்கள் டியூபில் மெல்லிய பிரெஞ்சு வால்வு இருந்தால் அதில் ஏறாது. அதற்கு ஒரு சின்னப் பித்தளை அடாப்டர் கிடைக்கும், விலை அற்பம், வாங்கி சாவிக்கொத்தில் மாட்டி வைத்துவிடுங்கள்.

சாப்பாடு, தண்ணீர்?

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். வழியில் ஊர்கள் வரும், கேட்டால் யாரும் இல்லையென்று சொல்வதில்லை. ஆனால் முந்திரிக்காட்டுக்குள் சில நேரம் வெகுதூரம் வரை ஆளே இருக்கமாட்டார். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ் பொட்டலம் இரண்டு பையில் இருக்கட்டும். கோடையில் நுங்கு, பண்ருட்டிப் பக்கம் பலாச்சுளை, எப்போதும் இளநீர்.

வடலூர் போனால் தருமச்சாலையில் சாப்பிடுங்கள். 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை, வருகிறவர் யார் என்று கேட்காமல் சோறு போடுகிற இடம். வேர்த்து விறுவிறுத்து, காலெல்லாம் செம்மண்ணோடு போய் நிற்கும்போது "உட்காருங்க ஐயா, உட்காருங்கம்மா" என்று இலை போடுவார்கள். அங்கே சாப்பிட்டுவிட்டுச் சும்மா எழுந்து வராமல் உங்களால் முடிந்ததைக் கொடுங்கள், இல்லையென்றால் கொஞ்ச நேரம் பரிமாறுங்கள்.

பாம்பு, நாய், காட்டு மிருகம்?

யானை, சிறுத்தை பயம் இந்தப் பக்கம் இல்லை. கீரி, உடும்பு, மயில், நரி, அபூர்வமாக முள்ளம்பன்றி. நல்லபாம்பும் கண்ணாடிவிரியனும் உண்டு. சருகு மூடிய இடத்தில் வெறுங்காலோடு இறங்காதீர்கள், இருட்டில் ஓட்டாதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், புதுச்சேரியென்றால் ஜிப்மர், கடலூரென்றால் அரசுத் தலைமை மருத்துவமனை.

நாய்தான் நிஜத் தொல்லை. துரத்தினால் வேகம் கூட்டாமல் இறங்கி, சைக்கிளை நடுவே வைத்து நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

இன்னொரு ஆபத்தைப் பலர் சொல்வதில்லை. புதுச்சேரி, தமிழ்நாடு எல்லை இங்கே வயலுக்கு வயல் மாறும், எல்லை ஓரத்தில் மதுக்கடை, சாராயக்கடை. சாயங்காலத்துக்கு மேல், முக்கியமாகச் சனிக்கிழமை, அந்தச் சின்னச் சாலைகளில் தள்ளாடி வருகிற பைக்குகள் பாம்பைவிடப் பயங்கரம்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

ஆரோவில் பாதைகளில் காலையில் தனியாக ஓட்டுகிற பெண்களைத் தினமும் பார்க்கலாம். ஏரிக்கரைகளில் நூறுநாள் வேலைக்கு வருகிற அக்காமார்கள் கூட்டம் இருக்கும், "எந்த ஊரும்மா, தனியாவா வந்தே?" என்று விசாரித்துவிட்டுத்தான் விடுவார்கள், அது பாதுகாப்புத்தான். முந்திரிக்காட்டு உள்பாதைக்கும் சவுக்குத் தோப்புக்கும் ஆணானாலும் பெண்ணானாலும் துணையோடு போங்கள், விழுந்து கால் முறிந்தால் கூப்பிட ஆள் வேண்டும்.

மேப் எதைப் பார்ப்பது?

கூகுள் மேப் பைக் வழியைக் கேட்டால் பெரிய ரோட்டிலேயே தள்ளும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஆரோவில்லின் ஒற்றையடிப் பாதைகள்கூட இருக்கின்றன, அதைப் பயன்படுத்துகிற ஏதாவது ஒரு செயலியில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். கூகுளின் செயற்கைக்கோள் படத்தில் ஏரிக்கரை, வாய்க்கால் எங்கே போகிறது என்று முதல் நாள் இரவு பார்த்துக்கொள்ளுங்கள். மீதிக்கு டீக்கடை. "கார் போற வழியா, மாடு போற வழியா?" என்று கேட்பார்கள். மாடு போகிற வழி என்று சொல்லுங்கள்.

ராத்திரி எங்கே தங்குவது?

காட்டிலோ தோப்பிலோ கூடாரம் போட வேண்டாம். ஆரோவில்லில் விருந்தினர் இல்லங்கள் உண்டு, டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை முன்பதிவு இல்லாமல் கிடைக்காது. வடலூர், நெய்வேலி, சிதம்பரம் மூன்றிலும் லாட்ஜ்கள். அறைக்குள் சைக்கிளை வைக்கலாமா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள், சக்கரத்தைத் துடைத்துக் காட்டினால் பெரும்பாலும் சரி என்பார்கள்.

ஒரு வழி ஓட்டிவிட்டு ரயிலில் திரும்பலாமா?

கடலூர் துறைமுகம் – விருத்தாசலம் பாதையில் குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி ஸ்டேஷன்கள் இருப்பதால் முந்திரிக்காட்டுப் பயணத்துக்கு இது வசதி. மடக்கு சைக்கிளைப் பையில் போட்டால் சாமான் கணக்குத்தான். முழு சைக்கிளுக்கு பார்சல் ஆபீஸில் பதிவு செய்து சீட்டு வாங்க வேண்டும், எல்லா ஸ்டேஷனிலும் பார்சல் ஆபீஸ் இருக்காது. அதனால் கிளம்புகிற அன்றைக்கு அல்ல, இரண்டு நாள் முன்பே பெரிய ஸ்டேஷனில் போய்க் கேளுங்கள். ரயிலில் ஏற்றும்போது மிதிகளைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, செயின் பக்கத்தில் ஒரு சாக்கைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். பார்சல் வண்டியில் உங்கள் சைக்கிள் மேல் என்ன சாமானை அடுக்குவார்கள் என்று தெரியாது.